கடைசியில் நின்ற எலி

தஞ்சை ஜில்லாவிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

அவருடைய கணவருக்கு வயது 42. காரியாலயத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். காலில் ஏற்பட்ட ஒரு சிறு புண் வெகு நாள் ஆறாமல் இருக்கவே வைத்தியரிடம் போனார். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிய வந்தது. "சோற்றைக் குறையுங்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு சமையல் நடக்கிறது. கணவருக்குச் சப்பாத்தி, மற்றவர்களுக்கு வழக்கம் போல் சோறு. மாமியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "என் மாமனார் வேளைக்கு அரைப்படி அரிசிச் சோறு சாப்பிட்டுத் தொண்ணூறு வயது இருந்தார். காவேரித் தண்ணீரில் வளர்ந்தவனுக்குச் சோறு ஆகாது என்கிற வைத்தியமும் ஒரு வைத்தியமா?" என்று அந்த அம்மாள் கேட்கிறாராம். இதற்கு நடுவில், 12 வயதுப் பிள்ளையும் தகப்பனாரைப் போலவே வயிறு பருத்து வருகிறான். "அரிசி விஷமா, அமிருதமா? எங்கள் வீட்டுக்கு எதுதான் சரியான ஆகாரம்?" என்று கேட்டுச் சகோதரி கடிதத்தை முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் அநேகமாகத் தெருவுக்கு ஒரு வீட்டில் எழுந்திருக்கும் கேள்வி. ஆகவே பதிலை அவருக்கு மட்டும் தபாலில் எழுதாமல் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறோம். ஆனால் பதிலைத் தஞ்சாவூரில் தொடங்க முடியாது. நீலகிரியில், குன்னூரில் தொடங்க வேண்டும். அதுவும் எலிகளிடமிருந்து தொடங்க வேண்டும். நேயர்கள் பொறுத்தருள்க.

ராபர்ட் மக்காரிஸன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். வட அயர்லாந்துக்காரர், இந்திய வைத்திய உத்தியோகத்தில் சேர்ந்து இந்த நாட்டுக்கு வந்தவர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்தில் இடம் பெற்று ஆகார ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் தொடங்கிய அந்தச் சிறு முயற்சிதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடியேறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

இந்தத் தேசத்தில் ஒரு மாகாணத்தார் மற்றொரு மாகாணத்தாரை விட உயரமும் வலுவும் பெற்றிருப்பதற்குக் காரணம் குலமா, சீதோஷ்ணமா, சோறா என்பது மக்காரிஸனை வருத்திய சந்தேகம். 1920-களில் அவர் அதைப் பரிசோதித்துப் பார்த்தார். ஒரே ஜாதி வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உண்ணும் உணவு. மற்றொன்றுக்குப் பட்டாணியர் உணவு. இப்படியே மகாராஷ்டிரர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர் உணவுகள். ஒரு கூட்டத்துக்கு நம்முடைய மதராஸ் உணவு. கூண்டு, காற்று, வெளிச்சம் எல்லாம் ஒன்று. ஆகாரம் ஒன்றுதான் வேறு. சில மாதங்கள் கழித்து எலிகளை நிறுத்துப் பார்த்தார்.

சீக்கிய எலி முதலில் நின்றது. பட்டாணிய எலியும் மகாராஷ்டிர எலியும் அதற்கு அடுத்தாற்போல் வந்தன. வங்காள எலி கடைசிக்கு முந்தியது. எல்லாவற்றுக்கும் கடைசியில், இளைத்துச் சிறுத்து நின்ற எலி எது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

"எலி வேறு, மனிதன் வேறு" என்று வாதிக்கலாம். வாதம் ஓரளவு செல்லுபடியாகக் கூடியதே. சுதேசாபிமானம் புண்பட்டவர்களுக்கு ஆறுதலாக வேறொரு செய்தியும் இருக்கிறது. இங்கிலாந்திலுள்ள ஏழை ஜனங்கள் உண்ணும் வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், தகர டப்பி மாமிசம் ஆகியவற்றையும் அதே மக்காரிஸன் ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த எலிகள் வளர்ச்சி குன்றியதோடு நிற்கவில்லை. சிடுசிடுத்துச் சண்டை பிடித்து, 60-ஆம் நாள் முதல் தம்மில் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கிவிட்டன. நமது மதராஸ் எலி இளைத்ததே தவிர அந்த நிலைக்குத் தாழவில்லை.

சிரிப்பு ஒரு புறம் இருக்கட்டும். முதலில் நின்ற எலிக்கும் கடைசியில் நின்ற எலிக்கும் என்ன கொடுத்தார்கள் என்பதே விஷயம். சீக்கிய உணவாவது: அப்போதைக்கப்போது அரைத்த முழுக் கோதுமை மாவுச் சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, கீரை, காய்கறி, கிழங்கு, பழம், எப்போதாவது மாமிசம். மதராஸ் உணவாவது: தீட்டிக் கழுவிய வெள்ளை அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய்கறி, மசாலைச் சாமான்கள், கொஞ்சம் மோர், தேங்காய், பேருக்கு நெய். மதராஸிகளின் ஆகாரப் பட்டியலில் காப்பியும் பாக்கும் கூட இருந்தன.

நன்றாகக் கவனித்தால், இரண்டுக்கும் உள்ள பேதம் கோதுமைக்கும் அரிசிக்கும் உள்ள பேதம் மட்டும் அன்று என்பது விளங்கும். சீக்கியர் இலையில் சப்பாத்தியோடு சேர்ந்து ஏழெட்டுப் பதார்த்தங்கள் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. நம் இலையில் சோறு மலை போல் நிற்கிறது. மற்றவை மலையடிவாரத்துக் கிராமங்களைப் போல் ஒதுங்கிக் கிடக்கின்றன. அந்தச் சோறும் எப்படிப்பட்ட சோறு? மேலே இருந்த தவிட்டையும் முளையையும் யந்திரம் தேய்த்து எடுத்துவிட்ட பிறகு மிஞ்சிய வெறும் மாவு.

தவிட்டை எடுப்பதால் வரும் கேட்டை உலகத்துக்கு முதலில் உணர்த்தியவை கோழிகள். 1886-ல் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் ஜாவாவுக்குச் சென்றார். அங்கே சிப்பாய்களும் கைதிகளும் கால் மரத்து, நடை தளர்ந்து, வீங்கி, இருதயம் நின்று மாண்டு கொண்டிருந்தார்கள். 'பெரிபெரி' என்று அந்த வியாதிக்குப் பெயர். பட்டேவியாவில் அவர் ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகளும் திடீரென்று அதே மாதிரி கால் தளர்ந்து விழுந்தன. பிறகு அதே மாதிரி திடீரென்று எழுந்து நடந்தன. விசாரித்ததில், கோழிகளுக்குச் சில காலம் ராணுவ ஆஸ்பத்திரியில் மீந்த வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரன், "ராணுவத்துச் சோறு சிவில் கோழிகளுக்குக் கிடையாது" என்று மறுத்துவிட்டான்! வெள்ளைச் சோறு நின்று தீட்டாத அரிசி கிடைத்ததும் கோழிகள் பிழைத்தன. அந்தச் சமையற்காரனுடைய கஞ்சத்தனத்துக்கு மனித குலம் கடமைப்பட்டிருக்கிறது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சமையற்காரனுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சரித்திரம் சொல்லவில்லை. தவிட்டில் இருந்த பொருளைத்தான் இன்று வைட்டமின் 'பி1' என்று சொல்லுகிறோம்.

ஆனால் தமிழ்நாடு முழுவதும் அரிசி தின்றும் இங்கே பெரிபெரி பரவவில்லையே, ஏன்? பழைய சென்னை மாகாணத்திலேயே வட சர்க்கார் ஜில்லாக்கள் என்னும் ஆந்திரக் கடற்கரைப் பிரதேசத்தில் அந்த வியாதி இருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி வழக்கம். இங்கே புழுங்கலரிசி வழக்கம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு யந்திரம் தேய்த்தாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. ரசாயன சாஸ்திரம் பிறப்பதற்கு முன்பே நெல்லை அவிக்கக் கற்றுக்கொண்ட நம் பாட்டிமார்களை எத்தனை போற்றினாலும் தகும்.

அதே பாட்டிமார் வீட்டிலேதான் அரிசியை நாலு தண்ணீர் விட்டுக் களைந்து, கழுநீரைத் தொட்டியில் ஊற்றி, சோற்றை வடித்து, கஞ்சியையும் தொட்டியில் சேர்த்து, தவிட்டையும் அள்ளிப் போட்டார்கள். சத்தெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. சக்கை இலைக்கு வந்தது. மாட்டுப் பாலாவது வீட்டுக் குழந்தைகளுக்குத் திரும்பி வந்தால் குற்றமில்லை. பாலை விற்றுவிட்ட வீடுகளும் உண்டு.

காந்தியடிகள் 1934-ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தியபோது கைக்குத்தலரிசியையும் வெல்லத்தையும் பச்சைக் கீரையையும் ராஜீய விஷயங்களுக்குச் சமமாக வைத்துப் பேசினார். சங்கத்தைக் கட்டி வளர்த்தவரோ தஞ்சாவூரிலே பிறந்த தமிழர், ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா. உரல் நின்று ஆலை வந்தால் கிராமத்து ஸ்திரீகளின் கூலியும் போகிறது, அரிசியின் உயிரும் போகிறது என்பது அவர்களுடைய வாதம். பலர் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மல்லிகைப் பூப் போன்ற சோறு வேண்டுமென்று ஆலைக்கே போனார்கள். வியாபாரிக்கும் அதுவே சௌகரியம். தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். தீட்டிய அரிசி மாதக் கணக்கில் கெடாது. வெள்ளையர் ஆட்சி 1947-ல் அகன்றது. வெள்ளையரிசியின் ஆட்சி அகலவில்லை.

இனித் தஞ்சைச் சகோதரியின் வீட்டுக்கு வருவோம். மக்காரிஸன் காலத்தில் பயந்த வியாதிகள் குறைவினால் வந்தவை. இன்று நம்மைப் பிடித்திருப்பவை மிகுதியும் குறைவும் ஒரே இலையில் சேர்வதால் வருபவை. மாவுச் சத்து மிகுதி; நார், புரதம், உலோகச் சத்துக்கள் குறைவு. 2023-ல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் கணக்குப்படி இந்த நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர்.

இதற்குச் சோறு எந்த அளவுக்குப் பொறுப்பு? 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரி ஒன்பதரை ஆண்டு கவனித்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2020-ல் பிரசுரமாயிற்று. நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறைவாக வெள்ளைச் சோறு உண்பவர்களை விட, 450 கிராமும் அதற்கு மேலும் உண்பவர்களுக்கு நீரிழிவு அபாயம் கூடுதல் என்று அதில் கண்டார்கள். தெற்கு ஆசியாவில் அந்தக் கூடுதல் நூற்றுக்கு 61. 450 கிராம் என்பது வெந்த சோற்றின் எடை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தச் சகோதரியின் மாமியார் சொன்ன அரைப்படியைப் பற்றி அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கேள்விப்பட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவார்கள்.

காரணம் கஷ்டமானதன்று. தவிடு நீங்கிய மாவு வயிற்றில் வெகு வேகமாகச் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. கணையம் உடனே இன்ஸுலினைச் சுரந்து அதைத் தசைகளுக்குள் அனுப்ப வேண்டும். தசை உழைத்துக் களைத்திருந்தால் ஆவலோடு வாங்கிக் கொள்ளும். உட்கார்ந்தே இருப்பவனுடைய தசை, "நேற்று வந்ததே செலவாகவில்லை" என்று கதவைச் சாத்துகிறது. மீந்தது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேருகிறது. இவ்விதம் வேளைக்கு வேளை, வருஷக் கணக்கில் நடந்தால் கணையம் அலுத்துப் போகிறது. அந்தப் பெரியவர் அரைப்படிச் சோறு தின்றதும் உண்மையாயிருக்கலாம், தொண்ணூறு வயது இருந்ததும் உண்மையாயிருக்கலாம். காலையில் தின்ற சோற்றை அவர் மாலைக்குள் வயலில் செலவழித்தார். அவருடைய கொள்ளுப் பேரனுக்கு அவருடைய சோறு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, வயல் வரவில்லை.

சரி, சோற்றை நிறுத்திச் சப்பாத்தி போட்டால் தீர்ந்ததா? இந்த விஷயத்தில் நமக்கு மனத்தாங்கல் உண்டு. இரவில் ஆறு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டு, "நான் சோற்றைத் தொடுவதில்லை" என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்க்கிறோம். மாவுக்குப் பதில் மாவு; மேலுக்குக் கொஞ்சம் எண்ணெய். உருளைக்கிழங்கும் இந்தக் கணக்கில் அரிசியின் உறவுதான். கேழ்வரகின் விஷயமும் அப்படியே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு; அரிசியில் பத்து மில்லிகிராம் தேறுவதும் கஷ்டம். ஆகவே கேழ்வரகு உத்தமமான தானியம். ஆயினும் அதை மெல்லிய மாவாக அரைத்து, சர்க்கரை போட்டு, கூழாகக் குடித்தால் நீரிழிவுக்காரருக்கு அது மருந்தாகிவிடாது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆகார விதிகளைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நாளொன்றுக்கு 2000 கலோரி வேண்டிய ஒருவருக்குத் தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம் போதும், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை 85, பழம் 100, நிலக்கடலை, எள் போன்றவை 35, எண்ணெய் 27 கிராமுக்கு மேற்படாமல், பாலாகவோ தயிராகவோ 300 மில்லிலிட்டர். அதாவது தானியத்தை விடக் காய்கறி அதிகம்! நம் வீட்டுப் பரிசாரகத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். காலையில் இட்டிலி, பகலில் சோறு, இரவில் தோசை. பெயர் மூன்று, அரிசி ஒன்று. சாம்பாரில் மிதக்கும் நாலு முருங்கைத் துண்டைக் காய்கறி என்று கணக்கெழுதுகிறோம்.

புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதே இதிலுள்ள சந்தோஷமான செய்தி. கூட்டு, உசிலி, மசியல், பச்சடி, சுண்டல் எல்லாம் நம்முடையவை. சுண்டலை நவராத்திரி ஒன்பது நாளும் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் பத்தாம் நாள் மறந்துவிடுகிறோம். ஏகாதசி உபவாசம் இருந்தவர்கள் துவாதசியன்று அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் இல்லாமல் பாரணை செய்வதில்லை; மற்ற நாட்களுக்கும் அவை வேண்டாமென்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. மாமிசம் உண்போருக்கு மீனும் முட்டையும் இருக்கின்றன. கரண்டிகளை மாற்றிப் பிடிக்க வேண்டியதுதான் வேலை. சோற்றுக்குப் போடுகிற பெரிய கரண்டியைப் பொரியலுக்கும், பொரியல் கரண்டியைச் சோற்றுக்கும் போட்டுப் பாருங்கள். முதல் வாரம் இலை விகாரமாகத் தோன்றும், பிறகு பழகிவிடும். உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருப்பது நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளே. அப்பளமும் ஊறுகாயும் வடகமும் தினந்தோறும் இலையில் இருந்தால் அந்தக் கணக்கு நில்லாது.

ஸ்திரீகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல சர்வேயின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்திய ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53. பஞ்சத்தில் அடிபட்ட வீடுகளில் மட்டும் இந்த நிலை என்று எண்ணுவது பிசகு. எல்லோருக்கும் பரிமாறிய பிறகு கடைசியில் உட்காருகிறவளுக்குக் கூட்டுப் பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? சோறு மிஞ்சியிருக்கும், ரசம் மிஞ்சியிருக்கும், மோரும் நார்த்தங்காயும் இருக்கும். உண்ட கையோடு ஒரு டம்ளர் காப்பி குடித்து, கீரையிலிருந்து வரக்கூடிய இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவொட்டாமல் செய்துகொள்கிறாள். மதராஸ் எலி எங்கேயோ கூண்டில் இருந்தது என்று நாம் நினைக்கிறோம். அநேக வீடுகளில் அது சமையலறையிலேயே உட்கார்ந்து கடைசியாகச் சாப்பிடுகிறது.

தஞ்சைச் சகோதரிக்கு நமது பதில் இதுதான். அரிசி விஷமன்று, ஆனால் அளவு மீறிவிட்டது. இரண்டு சமையலை இன்றோடு நிறுத்தி விடலாம். தங்கள் கணவருக்கு எது நல்லதோ அதுவே பிள்ளைக்கும் தங்களுக்கும் நல்லது. மூவருக்கும் ஒரே இலை: சிறிது சோறு, அதைவிடப் பெரிதாகக் காய்கறியும் கீரையும், கெட்டியான பருப்போ சுண்டலோ, தயிர். கிடைக்குமானால் கைக்குத்தலோ அதிகம் தீட்டாததோ வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புழுங்கலரிசியையே இரண்டே தண்ணீரில் களைந்து அளவாகச் சமையுங்கள். பிள்ளையைப் பசியோடு எழுப்ப வேண்டாம். வளர்கிற வயது. சோற்றில் குறைத்ததைப் பருப்பிலும் காயிலும் முட்டையிலும் பாலிலும் ஈடு செய்து, மாலையில் விளையாட விரட்டுங்கள். கணவர் மாத்திரையோ இன்ஸுலினோ எடுத்துக்கொள்பவரானால், சோற்றை ஒரேயடியாகப் பாதியாக்கு முன் வைத்தியரிடம் சொல்லுவது அவசியம். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடக் கூடும். அந்தக் காற்புண்ணையும் வைத்தியர் பார்வையிலேயே வைத்திருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பதாகச் சொல்லியிருந்தால் பருப்பும் கீரையும் எவ்வளவு என்பதையும் அவரையே கேட்க வேண்டும்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். அவருடைய மாமனார் சோற்றோடு என்னென்ன சாப்பிட்டார், வயலுக்கு எத்தனை மைல் நடந்தார், காலையில் என்ன குடித்துவிட்டுப் போனார் என்று உட்கார்ந்து கேளுங்கள். கேழ்வரகுக் கூழும், கொல்லைக் கீரையும், மொச்சையும், உரலில் குத்திய சம்பாவும் அந்தக் கதையில் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வந்தால், அந்த வீட்டுக் கீரைப் பொறுப்பை அந்த அம்மாளிடமே ஒப்படைத்து விடுங்கள்.

கடிதத்தில் கணவரைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் எப்போது சாப்பிட உட்காருகிறீர்கள், அப்போது பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.